கழுதையா, ரம்மியா?

விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம் சொல்லித்தரக் கழுதைதான் சரி என்பது என் கட்சி. ஒரே கட்டு, 52 சீட்டையும் பங்கிட்டால் போதும். முதல் ஆள் இறக்கிய இனத்தையே (ஸ்பேடு, ஹார்ட்டின் மாதிரி) மற்றவர்களும் இறக்க வேண்டும். அந்த இனம் கையில் இல்லையா? வேறு சீட்டால் வெட்டலாம். வெட்டினால், அதுவரை அந்த இனத்தில் பெரிய சீட்டைப் போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். யாரும் வெட்டாவிட்டால் அந்தச் சுற்றை ஒதுக்கிவிடலாம். பெரிய சீட்டுக்காரர் அடுத்து இறக்குவார். கடைசிவரை சீட்டோடு மாட்டிக்கொண்டவர் கழுதை. (தாத்தா கழுதையாகும்போது வீடு போடும் கூச்சல் ரம்மியில் வராது.)

ரம்மிக்கு இரண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, ஜோக்கர் வேறு. ஜோக்கர் சேராத வரிசை (ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டுகள்) ஒன்றாவது இல்லாமல் டிக் அடிக்க, அதாவது ஆட்டத்தை ஜெயித்து முடிக்க, முடியாது. எதை எடுப்பது, எதை எறிவது என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கிசுகிசுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.