பிராய்லர் பண்ணையாளர்களே, 'குடல் நலப் பொடி'க்கு முன்பணம் கட்டாதீர்கள்: 46,000 ரூபாய் போய்விட்டது

உடுமலைப் பக்கம் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாமல், குஞ்சு, தீவனம், மருந்து எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்கி பிராய்லர் வளர்க்கிறோம். பண்ணைப் பொருட்கள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில், கோழியின் எடையையும் குடல் நலத்தையும் கூட்டும் புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) பொடி என்று சொல்லி, கிலோ 920 ரூபாய் வீதம் 25 கிலோ பைகள் இரண்டை விற்று 46,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்.

தொலைபேசியில் பேசியவர் விவரம் தெரியாதவர் அல்லர். எச்சம் தண்ணீராகப் போகிறதா, செரிக்காத தீவனம் தெரிகிறதா, தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூள் எந்த இடத்தில் ஈரமாகிறது என்று ஒரு கால்நடை மருத்துவரைப் போலக் கேட்டார். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019-லேயே தடை வந்துவிட்டதையும், பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் குடலில் கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுப்பதையும் பொறுமையாக விளக்கினார். "குளோரின் போட்ட தண்ணியில கலந்துடாதீங்கண்ணா, பாக்டீரியா செத்துப் போயிரும்" என்று அவர் சொன்னபோதுதான் முழு நம்பிக்கை வந்தது. ஏமாற்றுகிறவன் இப்படியா எச்சரிப்பான்? பொடியின் ஆய்வறிக்கை என்று ஒரு படத்தையும் அனுப்பினார். பணம் முழுவதையும் அன்றே கட்டினோம்.

நீரில் முழுமையாகக் கரையும் என்று விற்ற பொடி கரையவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி வைத்தால், சிறிது நேரத்தில் மேலே தெளிந்த நீரும் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை வண்டலும் நிற்கின்றன. அதில் வினிகரை ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறது. அந்த வண்டல், கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள்களை அடைத்ததில், கோழிகள் தண்ணீருக்கு முண்டியடித்து, தீவனம் எடுப்பதைக் குறைத்து, எடை நின்றுவிட்டது. அந்த எடை இழப்பை நான் இந்த 46,000 ரூபாயில் சேர்க்கவே இல்லை.

கேட்டால், கலக்கிய முறை சரியில்லை என்றார்கள். பிறகு, வெள்ளையாக இருப்பது பாக்டீரியாவைக் கலந்து வைக்கும் சுண்ணாம்புத் தாங்கிப்பொருள்தான், எல்லா நிறுவனமும் சேர்ப்பதுதான் என்றார்கள். சேர்ப்பார்கள், ஆனால் தீவனத்தில் கலக்கும் பொடியில். நீரில் கரையும் என்று சொல்லி விற்பதில் அதற்கு என்ன வேலை? ஆய்வறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் பையில் உள்ள பேட்ச் எண்ணும் வேறு என்று காட்டியபின் அந்த மனிதர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. விற்பனையாளரைக் கேளுங்கள் என்கிறது சந்தை. சந்தையைக் கேளுங்கள் என்கிறார் விற்பனையாளர். கடைசியாக, பை பிரிக்கப்பட்டதால் பணம் திரும்பாது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பையைப் பிரிக்காமல் கோழிக்கு எப்படிக் கொடுப்பது? வியர்வை சிந்திச் சேர்த்த 46,000 ரூபாய்க்கு அவர்கள் தரும் பதில் இவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் அதில் நிற்கவில்லை. அறிக்கையின் பேட்ச் எண்ணைப் பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதிரி வாங்கி டம்ளரில் கரைத்துப் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பையையும் மீதிப் பொடியையும் ரசீதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.