பிறந்த கிளப்பா, புகுந்த கிளப்பா? கேலிக் கால்பந்தில் கட்சி மாறுவது பற்றி

கேலிக் கால்பந்து அயர்லாந்துக்கே உரிய ஆட்டம். 2023 ஜனவரியில் ஒரு வார இடைவெளியில் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் அதன் இரண்டு இறுதி ஆட்டங்கள். 15ஆம் தேதி நடந்தது அயர்லாந்து அளவிலான ஜூனியர் கிளப் இறுதி. அதாவது சின்ன ஊர் கிளப்புகளுக்கான கோப்பை. கெர்ரி கவுன்டியின் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஃபோஸா கிராமம் அதை வென்றது. அந்த அணியில் டேவிட் கிளிஃபர்ட் இருந்தார். 22ஆம் தேதி சீனியர் கிளப் இறுதி. தெற்கு டப்ளினின் பெரிய கிளப்பான கில்மக்கட் குரோக்ஸ், டெர்ரி கவுன்டியின் கிளென் அணியைத் தோற்கடித்தது. குரோக்ஸ் அணியில் ஷேன் வால்ஷ் இருந்தார்.

ஆறு மாதம் முன்பு, 2022 ஜூலை 24 அன்று, இதே மைதானத்தில் இந்த இருவரும் எதிரெதிராக நின்றவர்கள். கவுன்டிகளுக்கு இடையிலான அகில அயர்லாந்து இறுதி அது. கெர்ரி 20 புள்ளி, கால்வே 16. தோற்ற கால்வேக்காக வால்ஷ் ஒருவரே 9 புள்ளி எடுத்தார். வென்ற கெர்ரிக்காக கிளிஃபர்ட் 8. அந்த நாளில் அந்த நாட்டின் மிகச் சிறந்த இரண்டு தாக்குதல் வீரர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் இவர்கள் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இருவரும் சின்ன ஊரில் ஆடப் பழகியவர்கள். ஒருவர் ஊரிலேயே தங்கிக் கிளப் பதக்கம் வாங்கினார், இன்னொருவர் கிளப் மாறிப்போய் வாங்கினார்.

இது சம்பளம் இல்லாத ஆட்டம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. (கேலிக் தடகளச் சங்கம்) அமைப்புதான் கேலிக் கால்பந்தையும், மட்டையால் ஆடும் ஹர்லிங்கையும் நடத்துகிறது. எண்பதாயிரம் பேர் டிக்கெட் எடுத்து வந்து பார்க்கும் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவர் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார், இல்லை வங்கியில் உட்கார்ந்திருப்பார். மாற்றத்துக்கு ஏலம் கிடையாது, ஒப்பந்தத் தொகை கிடையாது. ஒருவர் கிளப் மாறினால், விட்ட கிளப்புக்கு ஒரு பைசா வராது. ஆங்கிலக் கால்பந்தில் பெரிய கிளப் ஒரு பையனைக் கொத்திக்கொண்டு போனால், சின்ன கிளப்புக்குக் குறைந்தபட்சம் மைதானத்தில் விளக்கு போடவாவது பணம் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. அதனால்தான் ஒரு மாற்றம் இவ்வளவு கசக்கிறது.

ஆட்ட விதியோ இன்னும் சுவாரஸ்யம். ஒருவர் முதன்முதலில் எந்தக் கிளப்புக்குப் போட்டியில் ஆடினாரோ, அதுதான் அவருடைய சொந்த கிளப். அதற்கும் அந்தக் கவுன்டிக்கும் அவர் எப்போதும் கடமைப்பட்டவர் என்றே விதிநூல் சொல்கிறது. சில கவுன்டிகளில் இதற்கு மேல் பங்கு விதியும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை பங்கு பிரிக்கிறதே, அந்த எல்லைதான் கிளப்புக்கும் எல்லை. நீ எந்தப் பங்கில் குடியிருக்கிறாயோ அந்தக் கிளப்பில் ஆடு, அவ்வளவுதான். டப்ளினில் இப்படிக் கறாரான எல்லை கிடையாது. ஊர் பெருத்துப்போனதும் கிளப்புகளும் பெருத்துவிட்டன.

இனி வால்ஷ் கதை. அவருடைய சொந்த கிளப் கில்கெரின்-கிளான்பெர்ன், கால்வே கவுன்டியின் வடகிழக்கு மூலையில் இரண்டு கிராமங்கள் சேர்ந்தது. அவருடைய வாழ்க்கை டப்ளினில் இருந்தது. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்ளினிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும், எத்தனை கார்களின் பின்சீட்டில் காய்ந்த சேறு ஒட்டிய பூட்ஸும் ஒரு கிட் பையும் கிடக்கின்றன என்று. அயர்லாந்தில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேரின் வார இறுதி இதுதான். வேலை தலைநகரில், ஆட்டம் ஊரில். புதன்கிழமைப் பயிற்சிக்கு வேலை முடித்துக் கிளம்பினால் திரும்பிவர நள்ளிரவு ஆகிவிடும்.

விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்: கால்வே கவுன்டி அணிக்காக இதே தூரம் ஓட்டி வருகிறாரே, கிளப்புக்கு மட்டும் ஏன் முடியாது? பதில் கொஞ்சம் அசிங்கமானது, ஆனால் உண்மை. கவுன்டி வீரருக்கு மைல் கணக்கில் பயணப்படி கிடைக்கிறது. கிளப் ஆட்டக்காரர் சொந்தப் பணத்தில் பெட்ரோல் போட வேண்டும். அப்புறம், 2022இல் வந்த புது அட்டவணையின்படி ஜூலையோடு கவுன்டி ஆட்டம் முடிந்து, அதற்குப் பிறகு முழுக்க கிளப் ஆட்டம். ஒரு வருஷத்தில் இரண்டு தொலைதூர வாழ்க்கை. அவர் ஒன்றை வெட்டிவிட்டார். என்னால் அதைக் குறை சொல்ல முடியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. டப்ளினில் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. வால்ஷ் போனது கில்மக்கட் குரோக்ஸுக்கு. அவர்கள் 2022 பிப்ரவரியில்தான் டவுன் கவுன்டியின் கில்கூவிடம் கூடுதல் நேரத்தில், கடைசி மூச்சில் தோற்றவர்கள். ஏற்கெனவே கோப்பைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தவர்கள். அங்கே இன்னொரு நட்சத்திரம் போய்ச் சேர்ந்தால், எதிரணிகள் வயிறெரியாமல் என்ன செய்வார்கள்? இறுதி ஆட்டம் முடிந்த விதமும் எரிகிற தீயில் எண்ணெய். ஓர் அணிக்குப் பதினைந்து பேர்தான், ஆனால் கடைசி விநாடிகளில் குரோக்ஸ் பக்கம் அதற்கும் மேற்பட்டவர்கள் களத்தில் நின்றார்கள். மாற்று ஆள் உள்ளே வந்தாயிற்று, போக வேண்டியவர் போகவில்லை. ஜி.ஏ.ஏ. மறு ஆட்டம் நடத்தச் சொன்னது, குரோக்ஸ் முறையிட்டது, கிளென் சலித்துப்போய் விலகிக்கொண்டது. கோப்பை டப்ளினிலேயே தங்கிவிட்டது. அந்த எண்ணிக்கைக் குழப்பத்துக்கும் வால்ஷுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் டீக்கடைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அடுத்த வருஷம் அரையிறுதியில் இதே கிளென் இதே குரோக்ஸை வீழ்த்தி, பிறகு கோப்பையையும் எடுத்தது.

கிளிஃபர்டின் வழியைப் பார்க்கலாம். ஃபோஸா இருப்பது கில்லார்னி நகரத்தின் வாசலில். அந்த நகரத்தின் டாக்டர் குரோக்ஸ் கிளப் (டப்ளின் குரோக்ஸ் வேறு) 2017இல் அகில அயர்லாந்து கிளப் சாம்பியன். கிளிஃபர்ட் நினைத்திருந்தால் சைக்கிளில் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகவில்லை. அண்ணன் பாடியும் ஊரிலேயே இருக்கிறார். இதை ஊர்ப்பாசம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் கெர்ரிக்காரர்களின் புத்திசாலித்தனத்தைக் கவனிக்காமல் விட்டதாகும்.

கெர்ரியில் ஒரு ஏற்பாடு. சின்ன கிளப்புகள் தங்கள் பெயரில் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடும். அதே நேரம் வட்டாரமாகச் சேர்ந்து ஒரு கூட்டணி அணி போட்டு, கவுன்டியின் சீனியர் போட்டியிலும் இறங்கலாம். ஃபோஸா வீரர்களுக்கு அப்படி ஓர் அணி கிழக்கு கெர்ரி. கிளிஃபர்ட் ஒரு வாரம் தன் ஊருக்காக ஆடுவார், இன்னொரு வாரம் கிழக்கு கெர்ரிக்காகப் பெரிய கிளப்புகளோடு மோதுவார். 2019இல் கிழக்கு கெர்ரி இறுதியில் டாக்டர் குரோக்ஸையே வென்றது. 2020, 2022, 2023இலும் அவர்களே சாம்பியன். கிளப் மாறாமலே பெரிய மேடை கிடைத்துவிடுகிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. நாலைந்து ஊரின் நல்ல ஆட்டக்காரர்களை ஓர் அணியாக்கினால் தனி கிளப்புகள் எப்படி எதிர்கொள்ளும் என்ற புலம்பல் டாக்டர் குரோக்ஸ் மாதிரி கிளப்புகளிடம் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு கடிவாளம் இருக்கிறது: கூட்டணி அணி கெர்ரி கவுன்டிக் கோப்பையை வென்றாலும் அதற்கு மேலே, மன்ஸ்டர் மாகாண கிளப் போட்டிக்குப் போக முடியாது. அங்கே ஓர் உண்மையான கிளப்தான் போகும். என் கணக்கில் இது நியாயமான பேரம். ஆனால் கில்கெரினுக்கு இதில் ஒன்றும் இல்லை. கிளிஃபர்டுக்குப் பயிற்சி மைதானம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். கால்வே முழுக்கக் கூட்டணி போட்டாலும் டப்ளின் பக்கத்தில் வந்துவிடாது.

வால்ஷ் செய்ததைப் புதுசு என்று நினைக்கிறவர்களுக்கு கீரன் மெக்கீனி. அர்மா கவுன்டிக்காரர். டப்ளின் வந்து நா ஃபியானா கிளப்பில் சேர்ந்தார். 2000 மார்ச்சில் அந்தக் கிளப் அகில அயர்லாந்து இறுதிக்குப் போனது. எதிரே கிராஸ்மக்லன், அதே அர்மாவின் கிளப். சொந்தக் கவுன்டிக்காரர்களை எதிர்த்து டப்ளின் சட்டையில் ஆடித் தோற்றார். இரண்டே வருஷத்தில், அந்த கிராஸ்மக்லன் ஆட்களுடன் ஒரே அணியில் நின்று, அர்மாவின் முதல் அகில அயர்லாந்துக் கோப்பையை கேப்டனாகத் தூக்கினார். கிளப் போனாலும் கவுன்டி போகவில்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போனாலும் பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நிற்கிற மாதிரி. இந்தப் பாதி மாற்றத்தை ஊர்கள் முணுமுணுத்தாலும் கடைசியில் ஏற்றுக்கொள்கின்றன. வால்ஷும் கால்வேயை விடவில்லை.

கவுன்டியையும் சேர்த்து மாற்றினால்தான் ரத்தம் கொதிக்கும். அதிலும் இரண்டு விதம். லாரி டாம்ப்கின்ஸ் கில்டேர்க்காரர். எண்பதுகளில் நியூயார்க்கில் இருந்தவரை ஓர் ஆட்டத்துக்கு வரவழைத்துவிட்டு, திரும்பிப் போகிற விமான டிக்கெட்டுக்குக் கவுன்டி நிர்வாகம் பணம் தரவில்லை. அவர் கார்க் கவுன்டியின் காசல்ஹேவன் என்ற கடலோரக் கிளப்புக்குப் போனார். 1990இல் கார்க் அகில அயர்லாந்து வென்றபோது அவர்தான் கேப்டன். ஒரு டிக்கெட் காசை மிச்சப்படுத்தி கில்டேர் எதை இழந்தது என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையில் யாரும் டாம்ப்கின்ஸைத் திட்டுவதில்லை.

சீனி ஜான்ஸ்டன் கதை அப்படி இல்லை. கேவன் கவுன்டியின் நட்சத்திரம். 2012 சீசனுக்கு அவரைக் கேவன் அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். அவர் கில்டேரின் செயின்ட் கெவின்ஸ் கிளப்புக்கு மாற விண்ணப்பித்தார். கில்டேரில் உண்மையிலேயே குடியிருக்கிறாரா என்று மாதக்கணக்கில் குழுக்களில் இழுத்தது. மாற்றம் கிடைத்த பிறகும் ஒரு முடிச்சு பாக்கி: கில்டேர் கவுன்டி அணியில் ஆட வேண்டுமானால் அதற்கு முன் அந்தக் கவுன்டியின் கிளப் சாம்பியன்ஷிப்பில் ஆடியிருக்க வேண்டும். கால்பந்துத் தேதி ஒத்துவரவில்லை. அதனால் அவரை ஹர்லிங் மட்டையோடு கோயில் டுவ் என்ற கிளப்புக்காக இறக்கினார்கள். ஆட்டம் தொடங்கியது, தொடங்கிய கையோடு அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். விதி நிறைவேறிவிட்டது! ஹர்லிங் ஆட்டக்காரர்கள் யாராவது சிரித்திருப்பார்களா, பல்லைக் கடித்திருப்பார்களா என்று எனக்கு இன்றும் ஒரு குறுகுறுப்பு.

தலைவிதிக்கு வேறு வேலையே இல்லை போல, அந்த ஜூலையில் கில்டேருக்குக் கிடைத்த எதிரணி கேவன். அதுவும் கேவனின் சொந்த மைதானமான பிரெஃப்னி பார்க்கில். ஜான்ஸ்டன் மாற்று ஆளாக இறங்கினார், சொந்த ஊர்க்காரர்கள் ஊளையிட்டார்கள், கில்டேர் சுலபமாக வென்றது. அந்தக் கில்டேர் அணியின் மேலாளர் யார் தெரியுமா? அதே கீரன் மெக்கீனி.

எழுத்தில் ஜான்ஸ்டன் எந்த விதியையும் மீறவில்லை, வால்ஷும் மீறவில்லை. ஆனாலும் வால்ஷை நான் மன்னிப்பேன், அந்த ஹர்லிங் ஆட்டத்தை மன்னிக்க மாட்டேன். முதலாவது ஒரு மனிதன் தன் வேலைக்கும் பெட்ரோலுக்கும் வழி பார்த்தது. இரண்டாவது வீரரே இல்லாத இடத்தில் ஒரு பெயரை நிரப்பியது.

சில வருஷங்களில் ஜான்ஸ்டன் கேவனுக்கே திரும்பி வந்தார். பிரெஃப்னி பார்க்கில் மறுபடியும் நீலச் சட்டையில் ஆடினார். சொந்த கிளப்புக்குத் திரும்புகிறவரிடம் விதிநூல் அதிகம் கேள்வி கேட்பதில்லை.