612 யூரோ போச்சு: பிரான்சில் ரோடு பைக் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

612 யூரோ. நேற்று மாலை கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறு நாள் வாடகை 240 யூரோ தனி, அது முன்பதிவின்போதே கட்டியாகிவிட்டது. இந்த 612 வண்டியை உடைத்ததற்காம். உடைந்தது உண்மை. ஆனால் கடை வாசலைத் தாண்டும்போதே உடைவதற்குத் தயாராக இருந்த வண்டி அது. ஆதாரம் கையில் இருக்கிறது.

விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் போடவில்லை. தென்மேற்கு பிரான்சின் தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுற்றுலாக்காரர்களுக்கு ரோடு பைக் விடும் கடை. முன்பதிவு, பல ஊர்க் கடைகளை ஒரே இடத்தில் காட்டும் இணையதளம் வழியாக.

அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஆல்ப்ஸ் மாதிரி இருபது கிலோமீட்டர் ஒரே ஏற்றம் கிடையாது. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், உடனே இறக்கம், மறுபடி ஏற்றம். நூறாண்டுப் போரில் அந்த ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிர் அணிகள் இருந்தன. பிரெஞ்சுத் தரப்பில் பேனாக் கோட்டை, எதிரே பல காலம் ஆங்கிலேயர் கையில் இருந்த காஸ்டெல்நோ. எதிரி வருவது தெரிய வேண்டும் என்று பாறை உச்சியில் கட்டிய ஊர்கள். 1281-ல் மூன்றாம் பிலிப் மன்னர் உண்டாக்கிய தோம், ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே செனாக்கிலிருந்து அங்கே ஏறும்போது பின்சக்கரத்தின் ஆகப் பெரிய பல்சக்கரம் இல்லாமல் முடியாது. அந்தக் கடைசி கியரில்தான் எல்லாம் நடந்தது.

முதல் நாள் கடையில் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்காரர் உயரம் கேட்டார், சீட்டை மட்டக்கோல் வைத்து ஏற்றினார், சொந்தப் பெடலை மாட்டித் தந்தார், டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்று கேட்டு அடித்தார். இத்தனை பார்த்துச் செய்கிறவர் மேல் சந்தேகம் வருமா? எத்தா தெ லியூ என்கிற நிலைப் பதிவுத் தாள் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கார் வாடகைக்கு, முசியே. நேற்று நானே எல்லாம் சரிபார்த்துவிட்டேன், இங்கே கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். போட்டாயிற்று. அந்தக் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: வண்டியை நன்றாக இயங்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு 612 யூரோ.

இரண்டாம் நாள் தோம் ஏற்றத்தில், பாதிக்கு மேலே, எழுந்து நின்று மிதிக்கும்போது பின் டீரெய்லர், அதாவது செயினைத் தள்ளி கியர் மாற்றும் கருவி, சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டது. சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, அதற்குள் ஹேங்கர் முறிந்தது, டீரெய்லர் மேலே சுழன்று செயினோடு சிக்கியது, இரண்டு கம்பி அறுந்தது, மூன்று வளைந்தது.

ஹேங்கர் என்பது ஃபிரேமையும் டீரெய்லரையும் இணைக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. ஃபிரேம் பிழைக்கட்டும் என்று வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்வது. வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால், இல்லை வேனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அது உள்பக்கமாக வளையும். வளைந்தபின் டீரெய்லரும் உள்ளே சாய்ந்தே நிற்கும். எல் என்று குறித்த சிறிய திருகு அது எல்லை தாண்டாமல் தடுக்க வேண்டும். ஆனால் ஹேங்கர் நேராக இருந்தபோது வைத்த அளவு, வளைந்த ஹேங்கருக்குச் செல்லாது. ஒர்க்‌ஷாப் ஸ்டாண்டில் தூக்கி வைத்துக் கையால் பெடலைச் சுற்றினால் எல்லா கியரும் விழும், குறை தெரியாது. ஏற்றத்தில் ஆள் எடையோடு மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அந்தச் சில மில்லிமீட்டர் போதும், டீரெய்லரின் கூண்டு (செயின் ஓடும் இரண்டு உருளைகளைத் தாங்கும் சட்டம்) கம்பியைப் பிடித்துவிடும்.

ஆதாரம் இதுதான். அன்று காலை 10.42-க்கு, லா ரோக் கஜாக்கில் ஆற்றங்கரைச் சுவரில் வண்டியைச் சாய்த்து எடுத்த படம். ஊருக்குப் பின்னால் நிற்கும் அந்த மஞ்சள் பாறைக்காக எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் டீரெய்லரின் கீழ் உருளை கம்பியை நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிகிறது. கூண்டின் வெளிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு உரசல், அந்தக் கோடுகளுக்குள் கருப்பு எண்ணெய் உறைந்திருக்கிறது. ஒரே நாளில் அப்படி உறையாது. புதிதாக முறிந்த அலுமினியம் வெள்ளி மாதிரி பளபளக்கும், முறிந்த இடம் அப்படித்தான் இருந்தது. உரசல் அப்படி இல்லை.

வாடகையோடு 24 மணி நேர உதவி உண்டு என்று எழுதியிருந்தது. அந்த எண்ணில் குரல்பதிவுதான் பேசியது, நான்கு முறையும். சீட்டுக்கடியில் கடை கட்டிவிட்ட பையில் ஒரு டியூபும் இரண்டு டயர் நெம்புகோலும் மட்டும். செயின் கழற்றும் கருவி ஒன்று இருந்திருந்தால் செயினைக் குட்டையாக்கி, ஒரே கியரில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். மறுநாள் வேன் வந்து வண்டியைத் தூக்கிப் போனது. மாற்று வண்டி? சீசன், கையிருப்பு இல்லை. மீதி நான்கு நாள் வாடகை? நாங்கள் வண்டி கொடுத்துவிட்டோமே.

பிறகு பில் வந்தது. டீரெய்லர் 140, ஹேங்கர் 45, பின்சக்கரம் முழுசாகப் புதிது 260, செயின் 55, கூலி 90, வண்டி வாடகைக்குப் போகாத நாளுக்கு 22. மொத்தம் 612 யூரோ. ஐந்து கம்பிக்கு முழுச் சக்கரம்! கம்பி மாற்றிக் கோட்டம் எடுக்கிற வேலை எந்த மெக்கானிக்குக்கும் அரை மணி, ஒரு மணி வேலை.

கடைக்கு மெயில் போட்டால் "உங்கள் கோப்பு தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறது." ஒரு வாரம் கழித்து "சாலையில் ஜல்லி சிக்கியிருக்கும்." கோடையில் அந்த மாவட்டச் சாலைகளில் தார் ஊற்றி ஜல்லி தூவுவது உண்மைதான், ஆனால் ஜல்லி சிக்கினால் பழைய எண்ணெய் படிந்த உரசல் எங்கிருந்து வரும்? படத்தை அனுப்பினேன், "படத்தில் தேதி இல்லை" என்றார்கள். கோப்பிலேயே நேரம் பதிவாகியிருக்கிறது என்று எழுதியபின் பதிலே இல்லை. இணையதளமோ "நாங்கள் இடைத்தரகர் மட்டும், கடையைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று மூன்று முறை ஒரே வாசகத்தை ஒட்டியது. முன்பதிவில் கமிஷன் வாங்கும்போது இடைத்தரகர் இல்லையா?

சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1721-ம் பிரிவின்படி, வாடகைப் பொருளின் பயன்பாட்டைத் தடுக்கும் குறைக்கு, தனக்குத் தெரியாமல் இருந்திருந்தாலும், கொடுத்தவரே பொறுப்பு. ஆனால் 1732-ம் பிரிவின்படி, கையில் இருந்த காலத்தில் ஏற்பட்ட சேதம் தன் தவறால் இல்லை என்று எடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். நிலைப் பதிவுத் தாள் இல்லாமல் இதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை, அவசரமாகச் சொல்கிறேன். கடையிலேயே வண்டிக்கு நேர் பின்னால் குனிந்து பாருங்கள்: பல்சக்கரமும் டீரெய்லரின் இரண்டு உருளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். ஆகப் பெரிய பல்சக்கரத்தில் போட்டு, டீரெய்லரை விரலால் உள்ளே தள்ளுங்கள், திருகு தடுத்து நிற்க வேண்டும். கம்பியை நோக்கிப் போனால் அந்த வண்டி வேண்டாம். டிஸ்க் பிரேக் என்றால் பேட் கனம் பாருங்கள், ஷிமானோவில் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியது. வலப்பக்கம் முழுக்க வீடியோ எடுங்கள், கடைக்காரர் குரலும் பதியட்டும். சேதத்துக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியலைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கோசியோன் என்கிற பிணைத் தொகைக்குக் கார்டைக் கொடுத்தால் அது அவர்கள் கையில் போன மாதிரிதான்.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அது இல்லாமல் நுகர்வோர் மத்தியஸ்தர் எடுக்க மாட்டார். அந்தப் புகாரிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், நமக்குச் செலவில்லை. மத்தியஸ்தர் யார் என்று கடை தன் நிபந்தனைகளில் போட்டே ஆக வேண்டும். இந்தக் கடை போடவில்லை. அதையும் சேர்த்து சிக்னல் கொன்சோ என்கிற அரசு நுகர்வோர் புகார்த் தளத்தில் பதிந்தாயிற்று.

டயர், செயின் தேய்மானம் பற்றி எழுத இன்று நேரமில்லை. காலையில் தபால் நிலையம் திறந்ததும் ரெக்கமாந்தே கடிதம், அதாவது பதிவுத் தபால், போக வேண்டும். 612 யூரோவும், ஓட்டாத நான்கு நாளுக்கு 160 யூரோவும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து இணைக்க வேண்டும்.