கம்பெனி போனா, சொந்த போனா, வண்டியோடு இருக்கும் பட்டன் போனா?

என் மேசையில் எப்போதும் ஒரு போன் சார்ஜில் கிடக்கும். வேலையை விட்டுப் போன ஓட்டுநர் ஒருவர் திருப்பித் தந்தது. விவசாயிகள் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பழகியிருந்ததால் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தோம். அவர் போய் ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் அதில் ஓ.டி.பி. எண் ஒன்று வந்து விழுந்தது. அடுத்த நிமிடமே திருப்பூரிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, பி.எஃப். பணம் எடுக்க ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்." சொன்னேன். வைப்பதற்கு முன் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "அதில் பாப்பாவுக்குக் காது குத்திய படமெல்லாம் இருந்தது. இன்னும் இருக்கிறதா அக்கா?"

இல்லை. அவர் போனைக் கொடுத்த அன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் அழித்தவள் நான்தான். அவரிடம் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அதுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பணியாளர்களுக்கு போன் கொடுப்பதில் மூன்று ஏற்பாடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம். முதலில் ஆளுக்கொரு கம்பெனி ஸ்மார்ட்போன். பிறகு சொந்த போனையே பயன்படுத்தச் சொல்லி மாதப்படி. இப்போது வண்டிக்கும், விவசாயிகளிடம் இலை வாங்கும் கொள்முதல் இடத்துக்கும் உரியதாக, ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போகும் பட்டன் போன். மலையில் தொழிற்சாலையோ விடுதியோ நடத்துகிறவர்கள் இதே கேள்வியோடு வருவதால், எங்களுக்குத் தெரிய வந்ததை எழுதி வைக்கிறேன்.

கம்பெனி ஸ்மார்ட்போனில் நிறுவனத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. எண் நிறுவனத்தோடு இருக்கும். இலை எடுக்க வண்டி எப்போது வரும் என்று கேட்கிற விவசாயிக்கு ஓட்டுநர் மாறினாலும் எண் மாறாது. கொட்டிய இலை முற்றிப்போயிருக்கிறது என்று தகராறு வந்தால், அங்கேயே படம் எடுத்து அனுப்பலாம். வரியிலும் சிக்கல் இல்லை. வேலைக்காக முதலாளி ஏற்கும் போன் செலவை ஊழியரின் வருமானமாகக் கணக்கிடுவதில்லை என்றுதான் 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் வைத்திருந்தன.

ஆனால் அந்த போன் வீட்டுக்கும் போகிறது. வீட்டில் வேறு போன் இல்லாதவர் கையில் அது ஒரு வாரத்துக்குள் குடும்ப போன் ஆகிவிடும். குழந்தையின் படம், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு, வங்கிக் கணக்கு, ஆதார், பி.எஃப். எல்லாம் அந்த எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையை விடும் நாளில் நாம் கேட்டு வாங்குவது போனை மட்டுமல்ல, அந்த மனிதரின் பாதி அடையாளத்தையும் சேர்த்துத்தான். அந்த எண்ணை நாம் துண்டித்துவிட்டால், 90 நாள் கழிந்தபின் அது முன்பின் தெரியாத யாருக்காவது போகலாம். அவருடைய வங்கிச் செய்தி அந்த ஆளுக்குப் போகும். ஆகவே கம்பெனி சிம் கொடுக்கும் அன்றே, "இந்த எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லியாக வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

அடுத்தது தொலைந்த போன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு பச்சையில் விழுந்த போனை யார் தேடி எடுப்பது? எங்களிடம் ஒருவருடைய போன் அப்படித்தான் போயிற்று. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. நான் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, பொருள் அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்; இழப்பு அவருடைய கவனக்குறைவால்தான் நேர்ந்தது என்று இருக்க வேண்டும்; பிடிப்பதற்கு முன் அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதன் இடத்துக்கு வந்துவிட்ட 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே பாதுகாப்பு தொடர்கிறது. மழையில் சறுக்கி விழுந்தவரின் சட்டைப்பையிலிருந்து நழுவியது கவனக்குறைவு ஆகாது. பிடித்தம் செய்யவில்லை. போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கிவிடலாம். அதற்கு அந்த எண் கையில் இருக்க வேண்டும். போனில் *#06# அழுத்தினால் வரும். கொடுக்கும் அன்றே பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்தியது மூன்றாவது. போனில் இருப்பிடம் காட்டும் வசதி. தேயிலைத் தூள் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிய வண்டி ஒரு மாலை குஞ்சப்பனைப் பக்கம் நாற்பது நிமிடம் நகரவே இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி அப்படியே நின்றது. அலுவலகத்தில் இருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள், அவர் எடுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். பலாப்பழத்தைத் தேடி யானைகள் வரும் காலம் அது. சாலையில் யானைகள் நின்றிருந்தன. அவர் என்ஜினை அணைத்து, போனையும் ஒலியில்லாமல் வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு தாள் நீட்டப்பட்டது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். பூண்டோடு பிடுங்கி எறிய வேண்டிய வழக்கம் அது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்கும் நிறுவனத்துக்கு இழப்பு நேராமல் காப்பதற்கும் ஊழியரின் தரவைத் தனி ஒப்புதல் இல்லாமலே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. அப்படியானால் எல்லையை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வண்டி எங்கே என்று தெரிய வேண்டுமானால் வண்டியில் கருவியைப் பொருத்துங்கள். ஆளின் சட்டைப்பையில் வேண்டாம்.

இரண்டாவது ஏற்பாடான சொந்த போனும் மாதப்படியும் பார்வைக்கு நியாயமானது. செலவு குறைவு, ஒருவர் இரண்டு போனைச் சுமக்க வேண்டியதில்லை, திருப்பித் தரும் பேச்சே இல்லை. மாதப்படி ரீசார்ஜுக்குச் சரியாக இருந்தது. ஆனால் போனின் தேய்மானத்துக்கும், இலைச் சிட்டைகளின் படங்களால் நிரம்பி வழிந்த சேமிப்பிடத்துக்கும் யாரும் கணக்கு வைக்கவில்லை. அதைவிடப் பெரியது எண் வெளியே போவது. கொள்முதல் இடத்தில் எடை போடும் பெண் ஒருவரின் சொந்த எண் நூற்றுக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்தது. இரவு பத்து மணிக்கும் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் இலை விலை கேட்டார்கள், மீதிப் பேர் என்ன கேட்டார்கள் என்பதை எழுத வேண்டாம். அவர் எண்ணையே மாற்ற வேண்டி வந்தது. அவருக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த படி அந்தத் தொல்லைக்கு எந்த வகையில் ஈடு?

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பரவாயில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் வேலைக்கென்று தனிப் பகுதி அமைக்கும் வசதி 2014 முதலே இருக்கிறது. அந்தப் பகுதிச் செயலிகளின் மேல் சின்னதாக ஒரு பெட்டி அடையாளம் தெரியும். மாலையில் அதை நிறுத்திவைக்கலாம். நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும்தான் அழிக்க முடியும், சொந்தப் படங்களின் பக்கம் அதற்கு எட்டாது. எங்கள் கணக்குப் பிரிவில் இருவர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், எனக்கும் இதுவே வசதி.

பட்டன் போனுக்கு வருவோம். இதைப் பின்னோக்கிப் போவதாக முதலில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கச் சரிவில்தான் வந்து மோதும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்பதில்லை. மாலை ஐந்து மணி மூடுபனியில் சாக்குத் துணியால் கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டனை ஈரக் கையாலும் அழுத்தலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆனால் பட்டன் போன் அந்தக் குளிரிலும் இரண்டு மூன்று நாள் தாங்கிவிடுகிறது. தலையில் ஒரு டார்ச் விளக்கு இருக்கிறது. மலைச்சாலையில் டயர் மாற்றியவருக்கு அதன் அருமை தெரியும்.

ஓட்டுநரிடமிருந்து எங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று உட்கார்ந்து யோசித்தோம். வண்டி நின்றுவிட்டால் உடனே தெரிய வேண்டும். அமுக்கிக் கட்டிய சாக்கில் இலை நேரமாக ஆக உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அந்த இலையில் நல்ல தூள் வராது. மாற்று வண்டி அனுப்ப ஒரு அழைப்பு போதும். மற்றதற்குக் காகிதச் சிட்டை இருக்கிறது. ஓட்டும்போது போன் எடுப்பது 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதல் என்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் இருப்பதால், ஓடும் வண்டிக்கு அலுவலகம் கூப்பிடக் கூடாது, அவர் நிறுத்திவிட்டுக் கூப்பிடட்டும் என்றும் எழுதிவிட்டோம்.

குறை இல்லாமல் இல்லை. முற்றிய இலைத் தகராறுக்குப் படம் வேண்டியிருக்கிறது. அதற்காகக் கொள்முதல் இடத்தில் ஒரு ஸ்மார்ட்போனைத் தராசுப் பெட்டியோடு வைத்துப் பூட்டுகிறோம். சிம் நிறுவனத்தின் பெயரில் வாங்கினாலும் பயன்படுத்துகிறவரின் அடையாளத்தைக் கேட்கிறார்கள் என்பதால், பலர் கைமாறும் போனுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. ஜியோ சிம்முக்கு 2ஜி கிடையாது, பழைய பட்டன் போனில் அது வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். எந்த நிறுவனத்தின் டவர் எந்தப் பள்ளத்தில் எடுக்கும் என்பதை வாங்கும் முன் வண்டி போகும் வழியெல்லாம் போய்ப் பார்ப்பது நல்லது. ஹட்டி என்கிற படகர் ஊரின் மேட்டில் நான்கு கோடு காட்டும் போன், ஓடையைத் தாண்டினால் செத்துவிடும். சேரம்பாடி, பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, போன் கேரள டவரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பெருமழையில் மின்சாரம் போய் டவரே அணைந்துவிட்டால் மூன்று ஏற்பாடும் ஒன்றுதான்.

ஆக, ஓட்டுநருக்கும் எடை போடுகிறவருக்கும் இடத்தோடு இருக்கும் போன். அலுவலகத்தாருக்கு விருப்பப்பட்டால் சொந்த போனில் தனிப் பகுதியும் படியும். தோட்டம் தோட்டமாக அலையும் கள அலுவலர் ஒருவருக்கு மட்டும் கம்பெனி ஸ்மார்ட்போன். சாயங்காலம் ஓட்டுநர்கள் வண்டிச் சாவியையும் போனையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு கிளம்புகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

பழைய கம்பெனி ஸ்மார்ட்போன்கள் நான்கைந்து இன்னும் சிலரிடம் இருக்கின்றன. இப்போது யாராவது திருப்பித் தர வந்தால் முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வங்கியிலும் பி.எஃப். கணக்கிலும் எண்ணை மாற்றுகிறோம். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, மெமரி கார்டில் ஏற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே அழிக்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது. வருகைப் பதிவேட்டில் அதையும் வேலை நேரமாகவே எழுதுகிறேன்.