இரண்டாவது மெசின்: எந்த ஓவர்லொக்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொஞ்சம் உள்ளே, வீட்டு விறாந்தையில் பதினொரு வருடமாகத் தைத்து வருகிறேன். நேர்த்தையலுக்கு ஒரு ஜூக்கி மெசின், கரண்ட் நின்றால் அம்மாவின் கால்மெசின். ஓரம் அடிப்பதற்கு, அதாவது துணியின் ஓரத்தை வெட்டி நூல் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லொக் மெசினுக்கு மட்டும், துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு அது இருக்கும் வேறு இடத்துக்குப் போவேன். பாடசாலைத் தவணை தொடங்கும் நாட்களில் ஊரிலுள்ள தையற்காரர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். போன தவணைக்கு முன் நான் கொடுத்த வெள்ளைச் சட்டைத் துண்டுகள் இரண்டு நாள் கழித்து வந்தன. அதிலும் ஆறு பிள்ளைகளின் கைத்துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து வந்தன. இரவு ஒரு மணி வரை அளவுக் கொப்பியை வைத்து ஒவ்வொன்றாக அளந்து பிரித்தேன். சொந்தமாக ஒரு ஓவர்லொக் வேண்டும் என்ற முடிவு அன்று எடுத்ததுதான்.

எதை வாங்குவது என்பதற்கு நான்கு மாதம் எடுத்தது. கடைசியில் வாங்கியது தொழிற்சாலை வகை மூன்று நூல் மெசின், பாவித்தது. என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண மெசினில் வளைந்து வளைந்து போகும் சிக்சாக் தையல் போதாதா என்று பலர் கேட்டார்கள். அது நூல் பிரியாமல் பிடிக்கும், ஓரத்தை வெட்டாது. முதலில் கத்தரியால் சீராக வெட்டி, பிறகு அடிக்கவேண்டும். நாளுக்கு இரண்டு சட்டை தைப்பவருக்கு அது போதும், எனக்குப் போதாது.

ஐந்து நூல் மெசினை விற்பவர்கள் மிகவும் புகழ்ந்தார்கள். இரண்டு ஊசி, மூன்று லூப்பர் (ஊசி நூலோடு மற்ற நூல்களைப் பின்னும் கொக்கி). துணியை இணைப்பதும் ஓரத்தை வெட்டிச் சுற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். தொழிற்சாலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நம்மிடம் சாறிச் சட்டை தைக்கக் கொடுப்பவர் யாரும் உள்ளே துணி விடாமல் தைக்கச் சொல்வதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குத் தைத்த சட்டை அடுத்த வருடத் திருவிழாவுக்கு இறுகிவிடும்; பிரித்து அரை அங்குலம் அகலமாக்கித் தரவேண்டும். ஐந்து நூல் மெசின் இணைத்த கையோடு, விட்ட துணியை வெட்டி எறிந்துவிடுகிறது. மூன்று நூலில் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தனியாக அடித்து, பிறகு நேர்த்தையலில் இணைக்கலாம். உள்ளே எவ்வளவு துணி நிற்கவேண்டும் என்பது என் கையில் இருக்கும். ஐந்து நூலில் நான் ஒரு கிழமைதான் தைத்துப் பார்த்தேன். மொத்தமாகச் சீருடை எடுத்துத் தைப்பவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

உண்மையான போட்டி மேசைமேல் வைக்கும் வீட்டு ஓவர்லொக்கோடுதான். அது சின்னது, சத்தம் குறைவு, தூக்கி அலுமாரிக்குள் வைக்கலாம். நிமிடத்துக்குச் சுமார் 1300 தையல் போடும். தொழிற்சாலை மெசின் 5000ஐத் தாண்டும். ஆனால் விறாந்தையில் தனியாகத் தைப்பவளுக்கு வேகம் பெரிய விடயமே அல்ல. துணியைத் திருப்பி வைக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான்.

நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்து. கொக்குவிலில் இருக்கும் என் மச்சாளுக்குக் கனடாவிலிருந்து ஒரு வீட்டு ஓவர்லொக் வந்தது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. எனவே முதல் செலவு டிரான்ஸ்ஃபோமருக்கு. இரண்டு வருடம் அழகாக ஓடியது. ஒரு நாள் தடித்த ஜீன்ஸ் துணியை ஓட்டியபோது ஊசி வளைந்து மேல் லூப்பரில் அடித்து, அதன் நுனி முறிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தேடினாள், கொழும்பிலும் விசாரித்தாள். அந்த மொடலுக்கு லூப்பர் இல்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும்வரை எட்டு மாதம் மெசின் துணி போர்த்தியபடி கிடந்தது. இத்தனைக்கும் அதற்கு ஊசி எந்தக் கடையிலும் கிடைக்கும். சாதாரணத் தையல் மெசின் ஊசிதான். தடுக்கியது லூப்பர் ஒன்றுதான்.

தொழிற்சாலை மெசினின் கதை வேறு. ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடிக் கழிந்தவையே இங்கு அதிகம் விற்பனைக்கு வருகின்றன. ஒரே வகை மெசின் பல இடங்களில் ஓடுவதால் லூப்பர், கத்தி, அதற்கென்றே உள்ள டிசி 27 வகை ஊசி எல்லாம் தனித்தனியாக வாங்கலாம். திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வவுனியா, கிளிநொச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பெண்பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்ப்பார்கள். லூப்பர்களைக் கோர்த்த பிறகே ஊசியைக் கோர்க்கவேண்டும், மாற்றிக் கோர்த்தால் தைக்கத் தொடங்கியதும் நூல் அறும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தவள் அப்படி வந்த ஒரு தங்கச்சிதான்.

வாங்கிய ஐந்தாம் மாதம் ஓரங்கள் எலி கடித்ததுபோல வரத் தொடங்கின. நூல் இறுக்கத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. திருத்துபவர் வந்து கீழ்க்கத்தியைக் கழற்றி, அதன் விளிம்பைத் தன் பெருவிரல் நகத்தில் இழுத்துக் காட்டினார். நகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“பிள்ளை, நூலைத் தொடவேண்டாம். இது மழுங்கிவிட்டது,” என்றார்.

பொதுவாக மேல்கத்தி கடினமான உலோகம், நெடுநாள் உழைக்கும்; கீழ்க்கத்திதான் முதலில் மழுங்கும். அதைத் தீட்டி, ஊசித்தட்டின் மட்டத்துக்குச் சரியாக வைத்துப் பூட்டினால் போதும். இப்போது நானே கழற்றிப் பூட்டுகிறேன். மொத்தம் இரண்டு ஆணிகள்.

அதன் குறையையும் மறைக்கக்கூடாது. தொழிற்சாலை மெசினின் வயிற்றுக்குள் எண்ணெய் நிற்கிறது. பழைய மெசினில் அடைப்பு வளையம் தேய்ந்திருந்தால் ஊசித்தண்டு வழியாகச் சொட்டும். வெள்ளைச் சீருடையில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சட்டை போயிற்று. பாவித்த மெசின் வாங்குபவர்கள் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் பத்து நிமிடம் தைத்துப் பார்த்தே காசு கொடுக்கவேண்டும். தேங்காய் எண்ணெயை மறந்தும் ஊற்றக்கூடாது; அது நாளடைவில் பசைபோல் இறுகி உள்ளே எல்லாவற்றையும் பிடித்துவிடும். வீட்டு மெசினுக்குக் கையால் விடும் ஓரிரு சொட்டு போதும் என்பதால் இந்தப் பயம் குறைவு.

கரண்டிலும் வீட்டு மெசினுக்கே வெற்றி. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். சின்ன மோட்டார் என்றால் ஒரு இன்வேட்டரில் ஓட்டிவிடலாம். தொழிற்சாலை மெசினை வாங்குபவர்கள் தைக்கும்போது மட்டும் சுற்றும் சேர்வோ மோட்டாராகப் பார்த்து வாங்கவேண்டும். பழைய கிளச் மோட்டார் தைக்காமல் சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். என்னுடையது கிளச் மோட்டாராகத்தான் வந்தது. மூன்றாம் மாதம் மாற்றினேன்.

பனியன் துணி என்னிடம் அதிகம் வருவதில்லை. அதைத் தைப்பவர்கள் நான்கு நூல் மெசினையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

நான் காலையில் விளக்கு வைத்ததும் எண்ணெய்க் கண்ணாடியில் மட்டம் பார்க்கிறேன். பிறகு பழைய வெள்ளைத் துணியில் ஒரு முழம் ஓட்டி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கறை இல்லாவிட்டால்தான் முதல் சட்டையை எடுப்பேன்.