குளிரில் பைக் ஓட்டும்போது கையைக் காப்பது எது? மஃப், சூடேறும் கிரிப், மின்கையுறை: ஒரு மதிப்பீடு

பைக் ஓட்டும் கைகளைக் குளிரிலிருந்து காக்க விற்கப்படும் பொருள்கள் முக்கியமாக நான்கு: தடித்த குளிர்கால கிளவுஸ், ஹேண்டில்பாரில் மாட்டி உள்ளே கையை நுழைக்கும் பையான மஃப், சூடேறும் கிரிப் (கைப்பிடி உறை), பேட்டரியிலோ வண்டியின் மின்சாரத்திலோ சூடேறும் கிளவுஸ், அதாவது மின்கையுறை. பெரும்பாலானோர் முதலில் கிளவுஸ் வாங்குகிறார்கள். போதாவிட்டால் இன்னும் தடித்த கிளவுஸ், அதுவும் போதாவிட்டால் கிரிப். மஃப்பைப் பார்த்ததுமே வண்டியின் அழகு கெட்டுவிடும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் தீர்ப்பு இதற்கு நேர்மாறானது. முதலில் மஃப், அடுத்தது கிரிப், பிறகுதான் மற்றவை. காற்றை மறிக்காமல் சூட்டுக்குச் செலவழிக்கும் காசில் பாதி அந்தக் காற்றோடேயே போய்விடுகிறது.

காரணம் எளிது. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், 5 டிகிரி செல்சியஸில் மணிக்கு 80 கி.மீ. வேகக் காற்று மைனஸ் 3 டிகிரி போல உறைக்கும். 0 டிகிரியில் 100 கி.மீ. என்றால் மைனஸ் 11. இது மூடாத முகத்தோலுக்கான கணக்கு. விரலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் விரல் மெலிதானது, கொள்ளளவோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், உள்ளே சூட்டை உண்டாக்கும் தசை இல்லை. முழங்கையிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதற்கு வரவு. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடல் அந்த வரவையும் வெட்டிவிடும். உள்ளுறுப்புகளைக் காக்க விரல்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். கழுத்தில் காற்று புகும் மெல்லிய ஜாக்கெட்டோடு எவ்வளவு உயர்ந்த கிளவுஸ் போட்டாலும் விரல் மரத்துப்போவது இதனால்தான். கழுத்தை மூடும் துணி ஒன்றும் காற்றுப் புகாத மேலுறை ஒன்றும் இல்லாமல் கைக்கான எந்தப் பொருளையும் மதிப்பிடுவது வீண்.

மரத்துப்போன கையைச் சும்மா ஓர் அசௌகரியம் என்று எண்ணிவிடக் கூடாது. 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் போகிறது. விறைத்த விரல் பிரேக் லீவரைத் தேடிப் பிடிக்கவும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரவும் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்துக்கு மீட்டர் கணக்கில்தான் விலை.

மஃப்

இது லீவர், சுவிட்ச், கிரிப் மூன்றையும் சேர்த்து மூடும் ஒரு பை. நியோப்ரீன் என்ற ரப்பர் துணியில் ஒரு வகை, வெளியே நைலானும் உள்ளே பஞ்சுத் திணிப்புமாக இன்னொரு வகை. கை உள்ளே நுழையும் வாயைத் தவிர வேறு வழியில் காற்று படாது. மின்சாரம் வேண்டாம், பழுதாக ஒன்றுமில்லை, மழையும் விரலுக்கு நேராக வராது. உள்ளே மெல்லிய கிளவுஸே போதும் என்பதால் லீவரின் உணர்வும் கெடாது. குறைந்த செலவில் இவ்வளவு பயன் தருவது வேறெதுவும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. அதில் ஒன்று ஆபத்தானது. மலிவான, தொளதொளப்பான மஃப் வேகத்தில் காற்று அழுத்த உள்நோக்கி மடங்கி முன் பிரேக் லீவரைத் தொடும். லீவர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பிரேக் விளக்கு தொடர்ந்து எரியும். பின்னால் வருபவருக்கு நாம் எப்போது நிஜமாகவே பிரேக் பிடிக்கிறோம் என்பது தெரியாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் இன்னும் மோசம். லீவர் சிறிது அழுந்தியே இருந்தால், லீவரை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பிப்போகும் துளை மூடிக்கொள்ளும். பிரேக் பேட் டிஸ்க்கில் உரச, எண்ணெய் சூடாகி விரிய, பிடிப்பு தானாகவே இறுகும். எனவே மாட்டியதும் ஒரு சோதனை கட்டாயம். இருட்டான இடத்தில் இக்னிஷனைப் போட்டு, முன்னாலிருந்து மஃப்பை உள்ளங்கையால் நன்றாகப் பின்னுக்கு அழுத்துங்கள். இன்னொருவர் பிரேக் விளக்கைப் பார்க்கட்டும். விளக்கு எரிந்தால் அந்த மஃப் அப்படியே சாலைக்கு வரக் கூடாது. முதல் முறை நெடுஞ்சாலையில் ஓட்டிய பின் முன் டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிரேக்கே பிடிக்காமல் வந்தும் அனல் அடித்தால் லீவர் அழுந்துகிறது என்று பொருள்.

இதற்கு நல்ல தீர்வு ஹேண்ட்கார்டு, அதாவது கைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு. ஹேண்டில்பாரின் நுனியிலும் உள்பக்கத்திலும் இரண்டு இடத்தில் பிடிக்கும் உறுதியான ஹேண்ட்கார்டைப் போட்டு அதன்மேல் மஃப்பை மாட்டினால், அது எலும்புக்கூடு போலத் துணியைத் தாங்கும். ஹேண்ட்கார்டு தனியாகவே விரல்முட்டிமேல் நேராக அடிக்கும் காற்றைத் தடுக்கும். மிதமான குளிருக்கு அதுவும் கிரிப்பும் போதும்.

வாங்கும்போது வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளிம்பில் கம்பியோ விறைப்பான வளையமோ தைத்து, வாய் எப்போதும் திறந்தபடி நிற்க வேண்டும். சுருங்கிப்போகும் வாய் என்றால், சிக்னலில் கையை எடுத்துவிட்டுத் திரும்ப நுழைப்பது துழாவலாகிவிடும். மணிக்கட்டை நாடாவால் இறுக்கிக் கட்டும் வகை சூட்டுக்கு நல்லது, விழும்போது கெட்டது. கை உடனே வெளியே வர வேண்டும். மஃப் போட்டால் கிளவுஸ் தேவையில்லை என்று சிலர் வெறுங்கையோடு ஓட்டுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. மஃப் தார்ச்சாலையில் உரசும் தோலைக் காக்காது.

இண்டிகேட்டர், ஹாரன் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது. நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து இருபது, முப்பது தடவை தொட்டுத் தொட்டுப் பழகினால் கை தானாகப் போகும்.

சூடேறும் கிரிப்

மூன்று வகை கிடைக்கிறது. இருக்கும் கிரிப்பின்மேல் சுற்றிக்கட்டுவது, கிரிப்பின் அடியில் ஒட்டும் மெல்லிய சூட்டுத்தகடு, முழுதாக மாற்றும் கிரிப். சுற்றிக்கட்டுவது ஒரு பருவத்துக்கு ஒப்பேற்றலாம். ஆனால் பிடி தடித்து முன்கை வலிக்கும், ஆக்சிலரேட்டர் பக்கம் நழுவும். தகடு வகையில் கிரிப் பழைய தோற்றத்திலேயே இருக்கும். இருந்தாலும் நீண்ட காலத்துக்கு என்றால் முழுதாக மாற்றுவதையே பரிந்துரைக்கிறோம்.

இரண்டு கிரிப்பும் சேர்ந்து முழுச் சூட்டில் ஏறத்தாழ 40 வாட், அதாவது 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பெரிய டூரிங் வண்டிக்கு இது பொருட்டே இல்லை. 150, 200 வாட் மட்டும் தயாரிக்கும் சிறிய வண்டியில் ஹெட்லைட், எரிபொருள் பம்ப், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. போக மிச்சம் சொற்பம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக ஓட்டும் ஆர்.பி.எம்.மில், ஹெட்லைட்டும் கிரிப்பும் முழுதாக எரியும்போது 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.8க்குக் கீழே இறங்கினால் கிரிப் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது. வண்டி நின்று இஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் சற்று இறங்குவது இயல்பு. நெரிசலில் நிற்கும்போது ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். வோல்ட் இறங்கினால் தானாக அணையும் கன்ட்ரோலர் கொண்ட செட்டையே வாங்குங்கள். சூட்டை நான்கைந்து படியாகக் கூட்டிக்குறைக்கும் வசதியும் வேண்டும். இரண்டே படி உள்ள மலிவு செட் சிலவற்றில் குறைந்த படிக்கு மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரைப் போட்டிருப்பார்கள். அது மிச்சச் சூட்டைக் கைக்குத் தராமல் ஹெட்லைட் கூண்டுக்குள் வீணடிக்கும். அருகில் வயர் இருந்தால் அதையும் உருக்கும்.

கிளட்ச் பக்கம் மட்டும் சூடே இல்லை என்ற புகார் அடிக்கடி எழும். பொருளில் கோளாறு இல்லை. வலப்பக்க கிரிப் பிளாஸ்டிக் குழாய்மேல் இருக்கிறது. அந்தக் குழாய் சூட்டைத் தடுத்துக் கைப்பக்கம் திருப்புகிறது. இடப்பக்க கிரிப் நேராக உலோகக் கம்பியில் ஒட்டியிருப்பதால் கம்பியே சூட்டை உறிஞ்சிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இடப்பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் வாட் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால், கிரிப்பை ஒட்டுவதற்கு முன் கம்பிமேல் சூடுபட்டால் சுருங்கும் ஹீட்ஷ்ரிங்க் குழாயை ஓர் அடுக்குச் சுருக்கிவிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு அடுக்குப் போட்டால் கிரிப் உள்ளே ஏறாது.

வாங்கும் முன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 22 மி.மீ., குரூசர் சிலவற்றில் 25.4 மி.மீ. நீளத்தையும் பாருங்கள், உள்ளே சூட்டிழை ஓடுவதால் நீளமான கிரிப்பை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

மாட்டும்போது அவசரப்படுகிறவர்கள்தான் கிரிப்பைக் கெடுக்கிறார்கள். பழைய கிரிப்பைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். ஆக்சிலரேட்டர் குழாயின் மேல் வரிவரியாக மேடுகள் இருக்கும்; புது கிரிப் ஏறும் அளவுக்கு மட்டும் அவற்றை அரத்தால் தேயுங்கள். கூடுதலாகத் தேய்த்தால் குழாய் விரிசல் விடும். பசை போடாமல் ஒருமுறை ஏற்றி, வயர் வெளிவரும் இடம் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினாலும் பிரேக் லீவரின் பிடிப்பில் மோதாதபடி குறித்துக்கொள்ளுங்கள். சூப்பர் க்ளூ சில நொடிகளில் பிடித்துவிடும், திருத்த நேரம் தராது. சுவிட்ச் கூண்டுக்கும் கிரிப்புக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், நுனியில் எடைக்கட்டி இருந்தால் அங்கும் அதே இடைவெளி. ஒட்டிய பிறகு 24 மணி நேரம் சூடேற்ற வேண்டாம்.

அடுத்து, இஞ்சினை அணைத்துவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் படக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். பின் நியூட்ரலில் இஞ்சினை ஓட்டியபடி ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். ஆர்.பி.எம். ஏறினால் வயரோ கேபிளோ எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டவே கூடாது.

மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வழியாக எடுத்து, இக்னிஷனோடு சேர்ந்து இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைப் போடுவது முறை. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அளவு செட்டோடு வந்த தாளில் சொன்னபடியே இருக்கட்டும். ஹெட்லைட் வயரில் கொக்கி போடுவது வேண்டாம். அந்த மெல்லிய வயர் கூடுதல் சுமையைத் தாங்காது. பிற்காலத்தில் செத்துப்போவது பெரும்பாலும் வலப்பக்க வயர்தான், ஒவ்வொரு திருகலிலும் மடங்குவதால். அங்கே ஒரு சிறு வளைவு தளர்வாக விட்டால் ஆயுள் கூடும்.

கிரிப்பின் அடிப்படைக் குறை ஒன்றே. அது உள்ளங்கையைச் சுடவைக்கும், காற்றோ புறங்கையைக் குளிரவைக்கும். உள்ளங்கை வேர்க்க, விரல்நுனி விறைக்கும். மஃப்புக்குள் இருக்கும்போது இதே கிரிப் குறைந்த படியிலேயே போதுமானதாகிவிடும். ஒன்றில் எச்சரிக்கை: உணர்ச்சி மரத்த கையோடு முழுச் சூட்டைப் போட்டு இறுகப் பிடித்தால், சுடுவது தெரியாமலே தோல் புண்ணாகும். நடுப்படியில் தொடங்கி, உணர்ச்சி திரும்பிய பின் கூட்டுங்கள்.

கிளவுஸ்

கிரிப் இருப்பவர் வாங்க வேண்டிய கிளவுஸ், கடையில் எடுத்ததும் மெத்தென்று கதகதப்பாகத் தெரியும் கிளவுஸ் அல்ல. உள்ளங்கை ஒற்றைத் தோலாக மெலிந்தும், புறங்கை தின்சுலேட் அல்லது பிரைமாலாஃப்ட் போன்ற திணிப்போடும் இருக்க வேண்டும். உள்ளங்கையிலும் பஞ்சு இருந்தால் கிரிப்பின் சூடு வெளியிலேயே நின்றுவிடும்.

அளவில் பலர் தவறுகிறார்கள். இறுக்கமான கிளவுஸ் ரத்த ஓட்டத்தை நெரிக்கும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றடுக்கையும் நசுக்கும். கம்பியைப் பிடித்த நிலையில் விரல்நுனிக்கு முன் சில மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். நீர்புகாச் சவ்வு உள்ள கிளவுஸில், ஈரக்கையை வெளியே இழுக்கும்போது உள்ளுறையும் சேர்ந்து வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வந்தால் ஒரே மழையில் அந்த கிளவுஸ் பயனற்றுவிடும். இ.என். 13594 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் விழும்போது காக்கும் திறன் சோதிக்கப்பட்டது என்று அறியலாம். குளிருக்கும் அந்த முத்திரைக்கும் சம்பந்தமில்லை.

மின்கையுறை

கிரிப் செய்யாததை இது செய்யும்: புறங்கையிலும் விரல்நுனி வரையிலும் சூடு. வாங்கும்போது சூட்டிழை ஒவ்வொரு விரலின் பக்கவாட்டிலும், பெருவிரல் உட்பட, சுற்றி ஓடுகிறதா என்று கேளுங்கள். புறங்கையில் மட்டும் ஒரு தகடு வைத்தது எங்கள் கணக்கில் தேறாது.

7.4 வோல்ட் பேட்டரி வகையில் 2200 மில்லிஆம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட 16 வாட்-மணி. ஒரு கைக்கு 7 வாட் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்வரை. குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்திறன் இன்னும் குறையும். தினசரி அரைமணி, ஒருமணிப் பயணத்துக்கு இது சரி. நாள் முழுக்க ஓட்டுபவருக்கு வண்டியின் 12 வோல்ட்டில் இயங்கும் வகைதான். ஜோடிக்கு 25, 30 வாட் ஆகும், வயரை ஜாக்கெட் கைக்குள் விட வேண்டும், இறங்கும்போது கழற்ற மறந்தால் இணைப்பி பிய்ந்துவிடும்.

இரும்புத்தூள் பொட்டலங்களை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகின்றன. நீர்புகா கிளவுஸுக்குள் மூச்சு முட்டி அணைந்துவிடும். மஃப்புக்குள் வைத்தால் நன்றாக வேலை செய்யும். வைக்கும் இடம் புறங்கை. உள்ளங்கையில் வைத்தால் பிடி போய்விடும்.

ஆக, நகருக்குள் குறுகிய பயணத்துக்கு மஃப்பும் சாதாரண கிளவுஸும் தாராளம். நெடுஞ்சாலையில் தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஹேண்ட்கார்டு, மஃப், கிரிப். வண்டியின் மின்சாரம் கிரிப்புக்கே போதாதவர் பேட்டரி கிளவுஸுக்குப் போகலாம். மஃப் மாட்டவே மாட்டேன் என்பவருக்கு 12 வோல்ட் கிளவுஸைச் சொல்வோம், கிரிப்பை அல்ல. குளிர் முடிந்ததும் கிளவுஸ் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் எடுத்துவையுங்கள். முழுதாக ஏற்றியோ முற்றிலும் தீர்த்தோ மாதக்கணக்கில் போட்டுவைத்த பேட்டரிதான் அடுத்த குளிருக்கு முதல் நாளிலேயே கைவிடும்.