ஷிஃப்ட் கேபிள் மாற்றி 3 வருஷம் ஆச்சு: பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகு அனுபவம்

கரைக்குப் பத்தடி இருக்கும்போது இன்ஜின் நின்றுபோனால் வரும் கூச்சம் படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். முன்கியரிலிருந்து நியூட்ரலுக்கு லீவரை இழுப்பேன், பொசுக்கென்று அணைந்துவிடும். என்னுடையது ஸ்டெர்ன்டிரைவ்: இன்ஜின் படகுக்குள், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பக்கம் வெளியே. மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன், 1991-இல் இரண்டாம் தலைமுறை வருவதற்கு முந்தைய டிரைவ். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன், பிளக் மாற்றினேன், ஐடிலை (இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தை) ஏற்றி வைத்தேன். ஒரு சீசனே அதில் போயிற்று.

கோளாறு ஷிஃப்ட் கேபிளில், அதாவது லீவரின் அசைவை கியருக்குக் கொண்டுபோகும் கேபிளில். இந்த டிரைவில் இருப்பது பல் வைத்த டாக் கிளட்ச். இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது பற்கள் கவ்விய பிடியை விடாது. அதனால் கியரை எடுக்கும் கணத்தில் கேபிள்கள் வந்து சேரும் ஷிஃப்ட் பிளேட்டில் உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் இக்னிஷனை நொடிநேரம் துண்டிக்கும். இன்ஜின் தடுமாறும், பல் விலகும், ஸ்விட்ச் பழைய நிலைக்கு வந்துவிடும். கேபிள் இறுகியிருந்தால் பல் விலகிய பிறகும் ஸ்விட்ச் அழுந்தியே நிற்கும், இன்ஜின் அணையும். நான் கார்புரேட்டரைக் குடைந்ததெல்லாம் வீண்வேலை.

கேபிள் இரண்டு: லீவரிலிருந்து பிளேட் வரை ஒன்று, பிளேட்டிலிருந்து டிரைவ் வரை இன்னொன்று. பிளேட்டில் கழற்றிவிட்டுத் தனித்தனியாகக் கையால் இழுத்துப் பார்த்தேன். மேல் கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்க் கேபிள் உள்ளே மணல் கிடப்பதுபோல் நறநறத்தது.

டிரைவை இறக்க ஆறு நட்டுதான், ஆனால் முன்கியரில் போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. தூக்க இன்னோர் ஆள் கட்டாயம். டிரைவ் வந்து மாட்டும் பெல் ஹவுசிங்கில் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டுதான் உயிரை வாங்கியது. பழைய கேபிளை வெட்டி எறிந்துவிட்டால் சாதாரண நீள சாக்கெட்டே உள்ளே போகும். புதிதை முறுக்கத்தான் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட் வேண்டும். வெட்டிய இடத்தில் துருத்தண்ணீர் சொட்டியது. வளைவில் உறை வெடித்திருந்தது, உள்கம்பியின் இரண்டு இழைகள் அறுந்து முள்போல் நின்றன. படகுக்குள் தினமும் தேங்கிய தண்ணீருக்கும் அந்த வெடிப்புதான் வாசல் என்று அப்போதுதான் புரிந்தது.

புதுக் கீழ்க் கேபிளின் பிளேட் பக்கம், அதை நிறுத்தும் பித்தளை உருளையான பேரலின் நடுவிலிருந்து முனைத் துளையின் நடு வரை 6 அங்குலம், அதாவது சுமார் 152 மி.மீ. இதைக் கண்ணால் மட்டிட்டுவிட்டு மறுநாள் இரண்டாவது தடவையாகச் செய்தேன். ரிவர்ஸ் பாதிதான் விழுந்தது. அளவுகோல் வையுங்கள்.

முதல் வருஷம் ஒரு தடவைகூட இன்ஜின் அணையவில்லை. ஐடிலைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன். இரண்டாம் வருஷம் மீண்டும் படகுக்குள் தண்ணீர். கேபிள் நன்றாக இருந்தது; அதை மூடும் சின்ன ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான உறை) மடிப்பில் கிழிந்திருந்தது. கேபிள் மாற்றியபோது, பார்க்க நல்லாத்தானே இருக்கிறது என்று பழையதையே விட்டிருந்தேன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு மறுபடி டிரைவை இறக்கினேன். இந்த முறை டிரைவில் உள்ள மூன்று பெல்லோஸையும் மாற்றி, டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் சுற்றிப் பார்த்துவிட்டு மூடினேன்.

இப்போது இரண்டு விரலால் கியர் விழுகிறது. குளிர்ந்த காலையில் மட்டும் ரிவர்ஸ் கொஞ்சம் அடம்பிடிக்கிறது. அன்றைக்கு வழுக்கிக்கொண்டு வந்த மேல் கேபிளின் முறை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கு டிரைவை இறக்க வேண்டியதில்லை.